உப்பு போட்டது யார்?

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நமது குடியிருப்பின் நிலத்தடி நீரில் உப்பைக் கலந்த கொடியவர் யார் என்னும் மாபெரும் உண்மை, வரலாற்றில் முதன்முறையாக, இன்று மாலை சரியாக ஐந்து மணிக்கு விளையாட்டுத் திடலில், நன்னீர்ப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர் அவர்களால் பொதுமக்கள் முன்னிலையில் வெளியிடப்படும். அனைவரும் திரண்டு வந்து உண்மையைக் கேட்டுப் பயன்பெறுக. நாற்காலிகள் குறைவு."

எல்லா மின்கம்பங்களிலும் இதை ஒட்டியாகிவிட்டது. மைக் கட்டிய வண்டி ஒன்று காலை எட்டு மணியிலிருந்து தெருத்தெருவாக இதையே கத்திக்கொண்டிருந்தது. வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த ஏற்பாட்டில் ஒரேயொரு சின்னக் குறை. அந்த மாபெரும் உண்மை என்னவென்று இன்னும் யாருக்கும் தெரியாது.

அதற்குத்தான் நிபுணரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அவர் வாசல் பலகையில் 'துப்பறியும் நிபுணர்' என்று இருக்கும். எழுதியவர் இன்னும் இரண்டு அடைமொழி சேர்க்கத் தயாராகத்தான் இருந்தார். பலகையில் இடம் போதவில்லை. வயது ஐம்பத்திரண்டு. காணாமல் போன நாய், காணாமல் போன கணவன், இரண்டும் ஒன்றாகக் காணாமல் போன ஒரு வழக்கு என்று எல்லாம் பார்த்தவர். சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி உண்டு. மருந்துச் சீட்டு படிக்க உதவும்.

உதவியாளர் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. வயது நாற்பது. ஏழு வேலைகளை வாயால் இழந்தவர். எட்டாவதாக இந்த வேலை கிடைத்ததும் வாயால்தான். அக்காவின் வாயால்.

சங்கத் தலைவரின் அறைச் சுவரில் ஒன்பது புகைப்படங்கள் தொங்கின. ஒன்பதிலும் தலைவர் மைக் பிடித்திருந்தார். மைக் மட்டும் மாறியிருந்தது.

"குற்றவாளியை நான் கண்டுபிடிச்சிட்டேன்," என்றார் தலைவர். "ஆதாரம் மட்டும்தான் பாக்கி."

"அப்போ நாங்க எதுக்குங்க?" என்றார் மச்சினன்.

"பாக்கிக்கு."

தலைவர் எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு பேச அவருக்கு வராது. "நூற்றி நாற்பது வீடு. எல்லா வீட்டிலும் போர்வெல். ரெண்டு வருஷமா எல்லாத்துலயும் உப்பு. இந்த ஊரில் மூட்டை மூட்டையாக உப்பு வாங்கும் ஒரே ஆள் யார்? ஐஸ் தொழிற்சாலைக்காரர்! அவருக்கு அடுத்த வீட்டில் செடி நர்சரி நடத்தும் அம்மையார் புகார் எழுதித் தந்துவிட்டார். அஞ்சு மணிக்கு மேடையில் அவரே வாசிப்பார். அதிகாரியை வரச் சொல்லியிருக்கிறேன். ஆறு மணிக்குத் தொழிற்சாலைக்கு சீல். அந்த அம்மையார் யார் தெரியுமா? ஐஸ்காரரின் சொந்த அக்கா! இதுக்கு மேல என்ன வேணும்?"

"அக்கா சொல்றதெல்லாம் உண்மைன்னா," என்றார் மச்சினன், "எங்க அத்தான் இந்நேரம் ஜெயில்ல இருக்கணும்."

நிபுணர் அவர் காலை மிதித்தார். "அந்த அம்மாவைப் பார்த்துட்டு வர்றோம்."

*

நர்சரியில் நுழைந்ததும் ஈர மண் வாசனை வரவேண்டும். இங்கே கடற்கரையில் காயப்போட்ட வலையின் வாசனை வந்தது. கறுப்புப் பைகளில் வரிசை வரிசையாக ஒட்டுக்கன்றுகள். அவற்றின் மேலே, நாலு மூலையிலும் நாலு நீலக் குழாய்களைத் தூணாக நட்டு, பச்சை நிழல் வலை கட்டியிருந்தது. மச்சினன் ஒரு தூணில் சாய்ந்தார். வலை மொத்தமும் அசைந்தது.

"அதுல சாயாதீங்க," என்றார் நர்சரிக்கார அம்மா. ஐம்பது வயது இருக்கும். முழங்கை வரை மண். ஒரு கையில் கத்தரி. மறு கையில் நாலாக மடித்த காகிதம்.

ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு நீட்டினார். நிபுணர் ஒரு வாய் குடித்து, மரியாதைக்காக விழுங்கினார். மச்சினனுக்கு அந்த மரியாதை இல்லை. கொப்பளித்துத் துப்பிவிட்டு, "தொண்டைக்கட்டுக்கு நல்லதும்மா," என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. ஒரு இலையைப் பறித்து நிபுணர் கையில் வைத்தார். "இதைப் பாருங்க. வெயில்ல கருகினா நடுவுல கருகும். உப்புல கருகினா ஓரத்துலேர்ந்து உள்ள வரும். மூவாயிரம் கன்னு. ஒவ்வொண்ணும் என் கையால வெட்டி ஒட்டினது."

"எப்பத்திலேர்ந்து இப்படி?"

"பழைய போர்ல லேசா உப்பு தட்டிச்சு. சரின்னு, போன வருஷம் ஆழமா புதுசு போட்டேன். என்னா தண்ணிங்கறீங்க! குடிச்சுக்கிட்டே இருக்கலாம். ரெண்டே மாசம். அதுக்குள்ள அவனுக்குப் பொறுக்கலை."

"யாருக்கு?"

"என் தம்பிக்கு. எங்கம்மா போனப்போ அவனுக்கு எட்டு வயசு. நான்தான் தலை சீவி, பை மாட்டி, ஸ்கூலுக்கு அனுப்பினேன். இப்போ சுவருக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு உப்புத் தண்ணியைத் திறந்து விடுறான்."

"அவரைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'உன் உரத்தாலதான் என் ஐஸ் கெட்டுப்போச்சு'ன்னு திருப்பிக் கேட்டான். பத்து மாசமா பேச்சு இல்லை." கையிலிருந்த காகிதத்தை இன்னொரு மடிப்பு மடிக்கப் பார்த்தார். அது மடங்க மறுத்தது. "புகாரைத் தலைவர்தான் எழுதிக் கொடுத்தார். உள்ள 'நயவஞ்சகன்'னு ஒரு வார்த்தை இருக்கு. அதை மட்டும் எடுத்துடலாமான்னு கேட்டேன். அது இல்லாட்டி கைதட்டு வராதுன்னுட்டார்."

"வேற வழி இல்லையாம்மா?"

"அவன்தான்னு தெரிஞ்சா நிறுத்தலாம். நிறுத்தினா செடி பொழைக்கும். யாருமே இல்லைன்னா நான் யாரை நிறுத்துறது?"

நிபுணர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு.

*

ஐஸ் தொழிற்சாலையின் பெயர்ப்பலகை இரண்டு நீலக் கால்களில் நின்றது. உள்ளே தரை முழுவதும் மரப்பலகை. ஒவ்வொரு பலகையும் ஒரு மூடி. மூடியைத் தூக்கினால் கீழே கருந்தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய நீளமான தகர டப்பாக்கள் முங்கி நின்றன. ஐஸ்காரர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். அதற்குள் வேர்த்துக்கொண்டும் இருந்தார்.

"வாங்க. என்னைப் பிடிக்கத்தானே வந்திருக்கீங்க? உக்காருங்க, டீ சொல்றேன்."

மூலையில் பதினொரு உப்பு மூட்டைகள்.

"அத்தான்," என்று மச்சினன் காதைக் கடித்தார், "சாட்சி மூட்டை மூட்டையா உக்காந்திருக்கு."

நிபுணர் ஒரு மூட்டையை விரலால் குத்தினார். விரல்தான் வலித்தது. உப்பு ஈரத்தை இழுத்து இழுத்துப் பாறையாகியிருந்தது. தையல் பிரிக்கப்படவில்லை. தையலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சிலந்தி குடும்பத்தோடு குடியிருந்தது.

"இதை எப்போ வாங்கினீங்க?"

"ஆறு வருஷம் இருக்கும். தொட்டி கட்டினப்போ வாங்கினதுல மிச்சம்."

"அதுக்கப்புறம் உப்பே தேவைப்படலையா?"

"எதுக்கு? தொட்டித் தண்ணி உப்பா இருந்தா அது உறையாது, அதுக்குள்ள நிக்குற டப்பாத் தண்ணி மட்டும் உறையும். அதே உப்புத் தண்ணியைத்தான் ஆறு வருஷமா சுத்த விட்டுக்கிட்டிருக்கோம். அது போச்சுன்னா தொழிலே போச்சு."

நிபுணர் மண்டியிட்டுத் தொட்டிச் சுவரைப் பார்த்தார். தண்ணீர் மட்டத்துக்குச் சரியாக மேலே, சுவரைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு. உப்புப் படிந்து புருவம் போலத் தடித்த கோடு.

"மாப்பிள்ளை, எத்தனை கோடு தெரியுது?"

"ஒண்ணு. ஏன், உங்களுக்கு ரெண்டா தெரியுதா? கண்ணாடி மாத்தணும் அத்தான்."

"தண்ணியைத் திறந்து விட்டிருந்தா மட்டம் இறங்கும். இறங்கின இடத்துல இன்னொரு கோடு விழும். ஆறு வருஷமா ஒரே கோடு. இந்தத் தொட்டியிலேர்ந்து ஒரு குடம்கூட வெளிய போகலை."

ஐஸ்காரர் முகத்தில் பத்து மாதத்தில் முதல்முறையாக ஏதோ தளர்ந்தது. அவர் ஒரு டப்பாவைத் தூக்கி, ஐஸ் பாளத்தைத் தரையில் சரித்தார். ஓரமெல்லாம் கண்ணாடி. நடுவில் மட்டும் பஞ்சு மாதிரி வெள்ளை. விரலை விட்டார், விரல் உள்ளே போனது.

"நக்கிப் பாருங்க. உறையும்போது தண்ணி உப்பையெல்லாம் நடுவுக்குத் தள்ளிடும். அந்த இடம் உறையாது. படகுல ஏத்தினா அரை நாள்ல கூழு. மீன்காரங்க வாங்குறதை நிறுத்திட்டாங்க. பதினொரு பேருக்கு வேலை கொடுக்கிறேன் சார். என் தண்ணியிலேயே நானே உப்பைப் போட எனக்கென்ன பைத்தியமா?"

"உங்க போர் எப்போ போட்டது?"

"அக்கா போட்ட அடுத்த மாசம். அவ ஆழமா போட்டு என் தண்ணியை இழுத்துட்டான்னு கோபத்துல போட்டேன். முதல்ல நல்லாத்தான் வந்துச்சு. மூணு வாரம் தாண்டலை."

"யார் போட்டது?"

"பாதாளம்தான். இங்க எல்லா வீட்டுக்கும் துளை போட்டது அவர்தான்."

"நூத்தி நாப்பது வீட்லயும் ஒரே ஆளா?" என்றார் மச்சினன். "அத்தான், இது தொடர்கொலை."

வாசல் வரை வந்த ஐஸ்காரர் தயங்கினார். "அக்கா புகார்ல என்னன்னு எழுதியிருக்கா?"

"நயவஞ்சகன்," என்றார் மச்சினன்.

ஐஸ்காரர் யோசித்தார். "இது அவ வார்த்தை இல்லையே. அவ திட்டினா 'பன்னி'ம்பா."

*

பாதாளம் என்பது துளைக்காரருக்கு ஊர் வைத்த பெயர். அவருக்கும் அது பிடித்துப்போய் லாரியின் முன்னால் எழுதி வைத்திருந்தார். கொட்டகையில் லாரிக்குக் கீழே படுத்து கிரீஸ் தடவிக்கொண்டிருந்தவர், "விசாரணை" என்ற வார்த்தையைக் கேட்டதும் சந்தோஷமாக வெளியே வந்தார். அவரை விசாரிக்க இதுவரை யாரும் வந்ததில்லை.

"நூத்தி நாப்பது வீடு சார். ஒரு துளைகூட வறண்டதில்லை. எழுதிக்கங்க."

"கீழ என்ன இருக்குன்னு சொல்லுங்க."

"மேல நூத்தி இருபதடி மணல். அதுல இருக்கிறது உப்புத் தண்ணி. கடல் எப்பவோ உள்ள வந்து உக்காந்துடுச்சு. அதுக்குக் கீழ நாப்பதடி களிமண். பாத்திரத்துக்கு மூடி மாதிரி, சொட்டு இறங்காது. மூடிக்குக் கீழதான் நல்ல தண்ணி. நம்ம தாத்தாவுக்குத் தாத்தா பொறக்கறதுக்கு முன்னாடி பெஞ்ச மழை."

"நீங்க மூடியில ஓட்டை போடுறீங்க."

"ஓட்டை போட்டா என்ன? சுத்தி நீலக் குழாய் இறக்குறோம்ல? பத்தடிக் குழாய் பதினாறு. மூடி முடியற வரைக்கும் இறக்கிட்டா மேல இருக்கிற உப்பு உள்ள வர வழியே இல்லை."

"பதினாறும் இறக்கினீங்களா?"

கிரீஸ் துணியை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"பதினாலு," என்றார் பாதாளம்.

"ரெண்டை அடிச்சிட்டீங்க!" என்றார் மச்சினன்.

"வார்த்தையை அளந்து பேசுங்க!" பாதாளத்துக்கு நிஜமாகவே கண் சிவந்துவிட்டது. "ஒரு குழாயைத் தொட்டிருந்தா என் கை அழுகிப்போகட்டும். அந்த ரெண்டையும் வீட்டுக்காரங்க கையிலயே கொடுத்துட்டுத்தான் வருவேன். எல்லார் வீட்லயும் கேட்டுப் பாருங்க!"

"ஏன் கொடுத்தீங்க? அது உள்ள போக வேண்டியதாச்சே?"

பாதாளம் லாரியின் படியில் உட்கார்ந்தார். "ஆரம்பத்துல பதினாறும் இறக்கினேன் சார். வீட்டுக்காரர் வந்து 'குழாய் எங்கய்யா?'ன்னு கேப்பார். 'உள்ள இருக்கு'ம்பேன். 'எப்படி நம்புறது?'ம்பார். பூமிக்குள்ள இருக்கிறதை நான் எப்படிக் காட்டுறது? ஒருத்தர் கண்ணாடியில வெயிலைத் திருப்பி உள்ள அடிச்சுப் பார்த்தார். பாதாளம் பாதிக் குழாயைத் தின்னுட்டான்னு ஊரே பேசிச்சு. என் பொண்ணை ஸ்கூல்ல 'குழாய் திருடன் மக'ன்னு கூப்பிட்டாங்க."

"அப்புறம்?"

"ஒரு வீட்ல களிமண் எதிர்பார்த்ததைவிட மேலயே வந்துடுச்சு. ரெண்டு குழாய் மிஞ்சிப்போச்சு. திருப்பிக் கொடுத்தேன். அந்த ஆள் தெரு முழுக்கச் சொல்லிட்டார்: 'உள்ள போட்டேன்னு சொல்லி எடுத்துட்டுப் போயிருக்கலாம், ஆனா கொண்டுவந்து கொடுத்தான், என்ன ஒரு நாணயம்!' அன்னியிலேர்ந்து எந்த வீட்டுக்குப் போனாலும் 'எங்க மிச்சம் எங்கே?'ன்னுதான் முதல் கேள்வி. மிச்சம் வந்தா நாணயஸ்தன். வரலைன்னா திருடன். நான் என்ன சார் பண்ணட்டும்? களிமண் தானா நிக்குது, இடியாது. ரெண்டு குழாயில என்ன குறைஞ்சிடப்போகுதுன்னு நினைச்சேன்."

மச்சினன் லாரிப் படியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நல்லவன்னு பேர் வாங்க," என்றார் மச்சினன் மெதுவாக, "ஊர் முழுக்க ஓட்டை."

"இப்போ அடைக்க முடியுமா?" என்றார் நிபுணர்.

"முடியும். உள்ள இருக்கிறதையெல்லாம் வெளிய எடுத்துட்டு அடியிலேர்ந்து மேல வரைக்கும் சிமென்ட் ஊத்தணும். ஆனா எல்லாத்தையும் அடைக்கணும். கீழ எல்லாருக்கும் ஒரே தண்ணி. பாதியை விட்டுட்டு பாதியை அடைச்சா அடைச்சவனுக்குத்தான் நஷ்டம்."

"அடைச்சா நல்ல தண்ணி திரும்பி வருமா?"

பாதாளம் கையைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"இறங்கின உப்பு ஏறாது சார். இனிமே இறங்காம இருக்கும். அவ்வளவுதான்."

*

திரும்பி வரும்போது மச்சினன் தெருமுனையில் நின்றார்.

"வீட்டுக்கு ரெண்டுன்னா இருநூத்தி எண்பது குழாய். அத்தனையும் எங்க போச்சு அத்தான்?"

நிபுணர் தெருவைக் காட்டினார்.

துணி காயப்போடும் கொடிக்கு இரண்டு பக்கமும் நீலக் குழாய். எதிர்வீட்டு மல்லிகைக்கொடி ஏறிப் படர்ந்திருந்தது நீலக் குழாயில். பஸ் நிறுத்தத்தின் பெஞ்சுக்கு நீலக் கால்கள். பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு கோல் போஸ்ட்டுகள், நாலு கம்பமும் நீலம். ஒரு வீட்டில் கோழிக்கூண்டு. இன்னொரு வீட்டில் ஊஞ்சல். காலையிலிருந்து இந்தத் தெருவில் நாலு தடவை நடந்திருந்தார்கள். கொலைக்கருவியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, அவர்கள் குனிந்து அதற்கடியில் புகுந்து போயிருந்தார்கள்.

"நம்மளும் ஒண்ணுல சாஞ்சோம்," என்றார் மச்சினன். சொல்லிவிட்டு நிறுத்தினார். "அத்தான். அங்க நாலு இருந்துச்சு."

நர்சரிக்கார அம்மா நல்ல புடவை மாற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். கையில் அதே காகிதம். நிபுணர் தொட்டியின் கோட்டைச் சொன்னார், மூட்டையைச் சொன்னார், பாதாளம் சொன்னதைச் சொன்னார். கடைசியில்தான் நிழல் வலையின் தூண்களைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார்.

"வலைக்கு நாலு மூலை," என்றார் அம்மா. "ரெண்டு போதாதுன்னேன். பாதாளம் முடியாதுன்னார். எல்லார் வீட்டுக்கும் நாணயமா நடந்துக்கிறவர் எனக்கு மட்டும் ஏன் குறை வைக்கிறீங்கன்னு சண்டை போட்டு நாலு வாங்கினேன்."

மற்ற வீடுகளில் குழாய் களிமண்ணுக்குள் கொஞ்ச தூரமாவது போயிருந்தது. அங்கெல்லாம் குழாயின் வெளிப்பக்கமாக உப்பு கசிந்து இறங்க வருஷங்கள் ஆயின. இங்கே குழாய் களிமண்ணைத் தொட்டதோடு நின்றுவிட்டது. இரண்டு மாதம் போதுமானதாக இருந்தது. நிபுணர் இதைச் சொல்வதற்கு நல்ல வார்த்தைகளாகத் தேடிக்கொண்டிருந்தார். தேவைப்படவில்லை.

"அப்போ தம்பி தண்ணியில உப்பு போட்டது நான்தானா?"

மச்சினன் தூரத்தில் இருந்த ஒரு செடியை ரொம்பக் கவனமாகப் பார்த்தார்.

*

ஐந்து மணிக்குத் திடல் நிரம்பியிருந்தது. நாற்காலிகள் குறைவு என்று போட்டால் கூட்டம் வரும் என்பது தலைவரின் அனுபவம். மேடைக்கு மேல் பந்தல், பந்தலில் பதாகை: 'ஒவ்வொரு துளியும் நம் உயிர்.' சீல் வைக்கும் அதிகாரி முன்வரிசையில் அரக்கும் மெழுகுவர்த்தியுமாக உட்கார்ந்திருந்தார். ஐஸ்காரர் கடைசி வரிசையில் ஸ்வெட்டரோடு நின்றார்.

தலைவர் முப்பத்தைந்து நிமிடம் பேசினார். அதில் கடல் இருந்தது, தாய்மை இருந்தது, அவருடைய இளமைக்காலம் இருந்தது. பிறகு நர்சரிக்கார அம்மாவை மைக் முன்னால் நிறுத்தினார்.

அம்மா காகிதத்தைப் பிரித்தார். வாசிக்கவில்லை.

"இதுல என் தம்பி பேர் இருக்கு. அதை அடிச்சிட்டு என் பேரைப் போட்டுக்கங்க. நயவஞ்சகிங்கறதை மட்டும் விட்டுடுங்க, நான் தெரியாமதான் பண்ணேன்."

தலைவர் மைக்கைப் பிடுங்கப் போனார். மச்சினன் குறுக்கே ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டு, "உக்காருங்க தலைவரே, நிறைய நேரம் நின்னுட்டீங்க," என்றார். நிபுணர் மேடையேறி ஐந்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் சொன்னார். மணல், களிமண், பதினாறு, பதினாலு, மிச்சம். சொல்லி முடித்துவிட்டுத் தலையை உயர்த்திப் பந்தலைப் பார்த்தார். திடலும் அண்ணாந்து பார்த்தது.

பந்தல் எட்டு நீலக் குழாய்களில் நின்றது.

"ஒரு வீட்டுக்கு ரெண்டுதானே?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்.

"ஒரு போருக்கு ரெண்டு," என்றார் பாதாளம் எழுந்து நின்று. அவருக்கு உண்மையை மறைக்கத் தெரியாது. "தலைவர் வீட்ல நாலு போர்."

முதலில் சிரிப்பு வந்தது. அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பிறகு ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள். உன் வீட்டு ஊஞ்சல். உன் வீட்டுக் கோழிக்கூண்டு. எனக்கு வெறும் ரெண்டு, அவனுக்கு மூணு. மூணா? யாரைக் கேட்டு மூணு? கடைசியில் சண்டை, யார் ஊரைக் கெடுத்தார்கள் என்பதிலிருந்து யாருக்குக் குழாய் குறைவாகக் கிடைத்தது என்பதற்கு வந்து நின்றது. ஒருவர் பாதாளத்தின் சட்டையைப் பிடித்து, தன் மூன்றாவது குழாய் எங்கே என்று கேட்டார்.

"அடைச்சிடலாம்," என்றார் ஐஸ்காரர் பின்னாலிருந்து. "எல்லாரும் சேர்ந்து ஒரே வாரத்துல அடைச்சிடலாம்."

"அடைச்சிட்டு குளிக்கிறது எதுல?" என்றது ஒரு குரல்.

"நீங்க முதல்ல அடைங்க, நாங்க பார்த்துட்டு அடைக்கிறோம்," என்றது இன்னொன்று.

"தலைவர் நாலையும் அடைக்கட்டும்!"

தலைவர் எழுந்தார். மைக் கைக்கு வந்துவிட்டது, குரலும் வந்துவிட்டது. "எனது அன்பு மக்களே! நீங்கள் அனைவரும் அடைத்து முடித்த மறுகணமே, முதல் ஆளாக நான் அடைப்பேன்!"

இதற்குத்தான் அன்றைக்குப் பலத்த கைதட்டு கிடைத்தது. அதே வேகத்தில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: எல்லாத் துளைகளையும் அடைப்பது, தேதி பின்னர் அறிவிக்கப்படும், தேதியை முடிவு செய்ய ஒரு குழு, குழுவுக்குத் தலைவர், தலைவர். அதிகாரி அரக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு, எதற்கும் சீல் வைக்காமல் போவது இதுதான் முதல்முறை என்று முணுமுணுத்தபடி கிளம்பினார்.

கூட்டம் கலைந்தது. அம்மா மட்டும் மேடைப் படியில் உட்கார்ந்திருந்தார். ஐஸ்காரர் வந்து, அரை அடி இடம் விட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் நேராக எதிரே பார்த்தார்கள். எதிரே ஒன்றும் இல்லை.

"நாளைக்கே நான் என்னோடதை அடைச்சிடறேன்டா," என்றார் அம்மா.

"நீ ஒருத்தி அடைச்சு என்ன ஆகப்போகுது?"

"அதுக்காக?"

ஐஸ்காரர் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னிக்குச் செடிக்குத் தண்ணி விட்டியா?" என்றார்.

"காலையிலேர்ந்து விடலை. இந்தக் கூட்டம் வேற. விட்டாலும் சாகும்டா. அடுத்த மாசம் சாகும்."

"விடலைன்னா?"

"இந்த வெயிலுக்கு நாளைக்கே."

"அப்போ போய் விடுக்கா," என்றார் தம்பி.

அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு நடந்தார். மச்சினன் ஏதாவது சொல்வார் என்று நிபுணர் திரும்பிப் பார்த்தார். மச்சினன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் மோட்டார் போட்டார்கள்.